ஈயச்சொம்பிலிருந்து தொடங்குங்கள்

பள்ளி அறிவியல் பாடநூல்களை எழுதும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். எட்டாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி போன வாரம் சமையலறையில் உட்கார்ந்து, "உலோகங்கள் கடினமானவை, உயர்ந்த உருகுநிலை கொண்டவை" என்று உரக்க மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். அதே அடுப்பில்தான், பல ஆண்டுகள் வேதியியல் நடத்திய நான், மாமியார் கொடுத்த ஈயச்சொம்பைக் காலியாக ஏற்றிவிட்டு வாசலுக்குப் போனேன். திரும்பி வந்தபோது சொம்புக்கு அடி இல்லை. பர்னரைச் சுற்றி வெள்ளி போல் துளிகள்.

ஈயச்சொம்பு செய்யும் வெள்ளீயம் (டின்) 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். உள்ளே ரசம் இருக்கும்வரை சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்பதால் சொம்பு பிழைக்கிறது. ஈயச்சொம்பில் ரசம் வைக்கும் வீட்டில் இது யாருக்கும் தெரியும்.

இடப்பக்கம் உலோகம், வலப்பக்கம் அலோகம் என்று அட்டவணை போட்டுவிட்டு, விதிவிலக்கு என்று பாதரசத்தை மட்டும் ஓரமாக உட்கார வைக்கிறோம். நானும் அப்படித்தான் நடத்தினேன். சோடியத்தைக் கத்தியால் நறுக்கலாம்; தண்ணீரில் மிதக்கும். அயோடின் அலோகம், ஆனால் பளபளக்கும். பென்சிலில் இருக்கும் கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும். அதே கார்பனால் ஆன வைரமோ மின்சாரத்தைக் கடத்தாது. வெப்பத்தைச் செம்பைவிடப் பல மடங்கு நன்றாகக் கடத்தும். அட்டவணை வேண்டாம் என்று சொல்லவில்லை, காரணத்தோடு கொடுங்கள். உலோகத்தின் வெளி எலக்ட்ரான்கள் ஓரிடத்தில் கட்டுண்டு கிடப்பதில்லை. அதனால்தான் மின்சாரம் பாய்கிறது. அடித்தால் அணு அடுக்குகள் உடையாமல் வழுக்கித் தகடாகின்றன. சொம்பு கீழே விழுந்தால் நசுங்குவதும் பீங்கான் கோப்பை சிதறுவதும் ஏன் என்று பிள்ளைக்கு அப்போது புரியும்.

இன்னொன்று. 'ஈயம்' என்று மொட்டையாக எழுதாதீர்கள். வெள்ளீயம் வேறு, காரீயம் (லெட்) வேறு, காரீயம் நஞ்சு. செய்முறைப் பயிற்சியாக இதைச் சேருங்கள்: சொம்பை எடை போட்டு, தண்ணீரில் முழுக அமிழ்த்தி, அது விலக்கும் நீரை அளந்து, எடையை அந்த நீரின் கன அளவால் வகுக்கச் சொல்லுங்கள்; கிடைப்பது அடர்த்தி. வெள்ளீயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.3 கிராம்; காரீயத்துக்கு 11.3. கணக்கு 7.3-ஐத் தாண்டி ஏறினால், 'சுத்த ஈயம்' என்று விற்ற கடைக்காரரிடம் பிள்ளையே போய்க் கேட்கட்டும்.

இப்படிக்கு,
புதுச் சொம்பு வாங்கக் காத்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை