நெருப்பில்லாத பட்டறை

ஸ்கார்பரோ, கனடா
9-2-2025, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்கள், அம்மா, சித்தப்பா வீட்டில் எல்லோரும் நலமா? நாளை மறுநாள் தைப்பூசம். சுவாமிமலைக்குப் போகிற கூட்டத்தில் பாதி நம் தெரு வழியாகத்தான் நடக்கும். அம்மா இந்நேரம் நீர்மோருக்குப் பானை தேடிக்கொண்டிருப்பாள். இங்கே மைனஸ் 14. வெளியே காலை வைக்க முடியவில்லை.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்பீர்கள். போனில் என்றால் பாதியிலேயே "சாப்பிட்டியா" என்று பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால்தான்.

விஷயம் இதுதான். நான் கம்பி வளைக்கிறேன். தங்கமில்லை, வெள்ளியும் இல்லை, செம்பு. தோடு, மோதிரம், வளையல். என்னை நம் நகைப் பட்டறைப் பக்கமே விடாமல் பி.காம். படிக்க வைத்தீர்கள். "ஊதி ஊதி என் நெஞ்சு போனது போதும்" என்பீர்கள். அது நினைவில் இருந்ததால்தான் நாலு மாதமாகச் சொல்லவில்லை.

அக்டோபரில் கிடங்கில் வேலை நாளைக் குறைத்துவிட்டார்கள். அந்த வாரம் எங்கள் மாடியில் மின்சார வேலை நடந்தது. வேலைக்காரர் வெட்டிப் போட்ட துண்டு வயரைக் கேட்டு வாங்கி, காய்கறிக் கத்தியால் மேல்தோலைச் சீவினேன். நம் ஊர் வயரில் பெரும்பாலும் நூல் நூலாக இருக்குமே, அப்படி இல்லை. ஒற்றைக் கம்பி, 1.6 மில்லி, சுத்தச் செம்பு. அப்போதுதான் துலக்கிய குடம் மாதிரி இருந்தது. கீழே போட மனம் வரவில்லை. ஊறுகாய் பாட்டிலைச் சுற்றி வளைத்து ஒரு வளையல் செய்தேன். இவருடைய பிளம்பிங் குறட்டால் பிடித்ததில் வளையல் முழுக்கப் பல் தடம், எலி கடித்த மாதிரி. அடுத்த முறை குறட்டு வாயில் துணி டேப்பைச் சுற்றிக்கொண்டேன். தடம் விழவில்லை.

இப்போது என்னிடம் மூன்று குறடு இருக்கிறது. ஒன்றுக்கு மூக்கு உருண்டை, ஒன்றுக்குத் தட்டை, மூன்றாவது வெட்டுவதற்கு. அப்புறம் நகம் தேய்க்கிற அரம், ஒரு ஸ்கெட்ச் பேனா, ஸ்வெட்டர் பின்னுகிற ஊசி. அவ்வளவுதான் பட்டறை, சாப்பாட்டு மேசையில் ஒரு தட்டுக்குள் அடங்கிவிடும். தோட்டுக் கொக்கி வேண்டுமென்றால் பேனாவில் வளைப்பேன். சின்ன வளையங்களுக்குப் பின்னல் ஊசியில் ஸ்ப்ரிங் மாதிரி நெருக்கிச் சுற்றி, வரிசையாக வெட்டி எடுப்பேன்.

கம்பி வாங்குவதில் ஒருமுறை ஏமாந்தேன். கடையில் கம்பியின் தடிமன் 20 கேஜ் என்று கேட்டு வாங்கி வந்தால் மெலிசாக இருக்கிறது. கடைக்காரர் மேல் தப்பில்லை. நீங்கள் சொல்லும் 20 கேஜ் 0.91 மில்லி, இவர்கள் 20 கேஜ் 0.81 மில்லி. கணக்கே வேறு. ஆனால் அந்த மெலிசுதான் தோட்டுக்குச் சரியாக வந்தது.

எனக்குப் பழக ரொம்ப நாள் பிடித்தது மணி கோத்த கம்பியின் தலையில் போடுகிற கண்ணிதான். மணிக்கு மேலே மூன்று மில்லி விட்டு, கம்பியைச் செங்கோணமாக மடிக்க வேண்டும். அந்த மடிப்பை உருண்டை மூக்கில் வைத்து, மேலே கொண்டுபோய், மறுபக்கம் இறக்கி ஒரு வட்டம். அப்புறம் வட்டத்தைத் தட்டைக் குறட்டால் பிடித்துக்கொண்டு, மீதி வாலை அந்த மூன்று மில்லி கழுத்தில் இரண்டரை, மூன்று சுற்று. சுற்றுகள் ஒன்றையொன்று ஒட்டிப் படுக்க வேண்டும்; நடுவில் வெளிச்சம் தெரிந்தால் போச்சு. முதல் 30 கண்ணியும் மணிக்கு நேராக நிற்காமல் கோணிக்கொண்டு தலை சாய்த்தன. அவசரத்தில் கம்பியில் ஒடிசல் விழுந்துவிட்டால் நிமிர்த்திப் பயனில்லை, பிறகு அங்கேதான் முறியும். சித்தப்பா மகனிடம் நீங்கள் இதைச் சொல்லித் திட்டியதை நான் நடையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.

நெருப்பு மட்டும் கிடையாது. நாங்கள் இருப்பது 14ஆவது மாடி. தாளிப்புப் புகைக்கே அலாரம் அலறுகிறது. உமி நெருப்பு வைக்கிற ஓடு, ஊதுகுழல், வெங்காரம் எதற்கும் வழியில்லை. பற்றவைக்கிற பொடி வைத்து ஊதாமல் நகையா என்று சிரிப்பீர்கள். சுற்றித்தான் எல்லாவற்றையும் பிடித்து நிறுத்துகிறேன். கல் வைத்த மோதிரம் ஒன்றுக்கு முக்கால் முழம் கம்பி போகிறது. தட்டித் தட்டிக் கடினப்படுத்தலாமென்று சுத்தியல் எடுத்தேன், கீழ்வீட்டுக்காரர் ஏறி வந்துவிட்டார். அதிலிருந்து, கொக்கியாக வளைப்பதற்கு முன்பே துண்டுக் கம்பியின் இரு முனையையும் பிடித்து இரண்டு முறுக்கு முறுக்கிவிடுகிறேன். அதிலேயே கொஞ்சம் விறைப்பு ஏறிவிடுகிறது. பழுக்கக் காய்ச்சி மறுபடி இளக வைக்கத்தான் வழியில்லை, விறைத்தது விறைத்ததுதான்.

பழுப்பு நிறம் வேண்டுமென்று கேட்கிறவர்களும் உண்டு. அவித்த முட்டையைச் சூட்டோடு நசுக்கி, தோட்டையும் அதையும் ஒட்டாமல் ஒரே டப்பாவில் மூடி வைத்தால் முட்டையிலுள்ள கந்தகம் செம்பைக் கறுக்க வைத்துவிடும். இவர் டப்பாவைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு ஒரு வாரம் முட்டையே வேண்டாமென்றுவிட்டார். பளபளப்பு கேட்பவர்களுக்கு நம் புளிதான்.

இங்கே ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாகக் கொண்டாடுகிறார்கள், 2016இல் கனடா நாடாளுமன்றமே ஏற்றுக்கொண்டது. அதையொட்டி ஒரு மண்டபத்தில் கடை போட்டார்கள். எனக்கு அரை மேசை. வந்தவர்களில் முக்கால்வாசி யாழ்ப்பாணத்துக்காரர்கள். "வடிவாயிருக்கு பிள்ளை, ஆரிட்டப் பழகினீங்கள்?" என்று ஒரு அம்மா கேட்டார். அப்பாவிடம் என்று சொல்லிவிட்டேன். பொய்தான். ஆனால் முழுப் பொய்யா என்று தெரியவில்லை.

11 ஜோடி விற்றது. ஒன்று திரும்பி வந்தது. சுற்றின் முனையைச் சரியாக உள்ளே அமுக்காமல் விட்டிருக்கிறேன், அது அந்தப் பெண்ணின் மஃப்ளரில் மாட்டி நூலை உருவிவிட்டது. பணத்தைக் கொடுத்து, மஃப்ளருக்கும் கொடுத்தேன். இப்போதெல்லாம் ஒவ்வொரு முனையையும் உதட்டில் வைத்து இழுத்துப் பார்க்கிறேன். விரலுக்குத் தெரியாத பிசிர் உதட்டுக்குத் தெரிகிறது. செம்புக் கொக்கியால் காது பச்சையாகிறது என்று இன்னொருவர் சொன்னதிலிருந்து, காதுக்குள் போகிற கொக்கி மட்டும் 92.5 வெள்ளி.

அம்மா குண்டுமணி அனுப்பட்டுமா என்றாள். வேண்டாமென்று சொல்லுங்கள். அது விஷம், இங்கே பெட்டியில் பார்த்தால் வம்பு. உங்கள் தராசுப் பெட்டியிலேயே இருக்கட்டும்.

மாமா பையன் 20ஆம் தேதி ஊருக்கு வருகிறான். அவனிடம் மூன்று ஜோடி கொடுத்தனுப்புகிறேன். அம்மாவிடம் காட்டினால் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வாள், அது எனக்கு வேண்டாம். நீங்கள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வேறு பட்டறையிலிருந்து வந்த உருப்படி மாதிரி பாருங்கள். நீல மணி வைத்ததில் இடது தோட்டின் மூன்றாவது சுற்று விலகியிருக்கும். எப்படியும் கண்டுபிடிப்பீர்கள், அதனால் நானே சொல்லிவிட்டேன். வேறு என்ன என்று எழுதுங்கள்.

அவன் திரும்பும்போது, தாத்தாவின் அந்தச் சின்னக் குறடு, பிடியில் நூல் சுற்றியது, நீங்கள் இப்போது எடுப்பதில்லை என்றால் கொடுத்தனுப்புங்கள். எடுப்பீர்கள் என்றால் வேண்டாம். பெட்டியில் போடச் சொல்லுங்கள், கைப்பையில் வைத்தால் பிடுங்கிக்கொள்வார்கள்.

உங்கள்
பாப்பா