இரவுக்கு ஒரு வாட்ச்மேன் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில், பேச்சிப்பாறைக்கு மேலே காட்டோரமாகச் சேட்டைக்காரப் பையன்களுக்குத் தொடங்கியிருக்கும் உறைவிட முகாம் பற்றி முழுப்பக்கம் போட்டிருந்தீர்கள். படங்கள் அருமை. இயக்குநர், ஆலோசகர், யோகா மாஸ்டர் எல்லோரும் வரிசையாக நின்று சிரிக்கிறார்கள். கடைசிப் பத்தியில் உங்கள் நிருபர் எழுதியிருக்கிறார்: "இரவில் பையன்கள் தூங்கிவிடுவதால் ஒரு வாட்ச்மேனே போதுமானதாக இருக்கிறது."

எந்தப் பையன் ஐயா தூங்குகிறான்?

நான் இதே மாவட்டத்தில் ஒரு சிறுவர் இல்லத்தில் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். குடிகார அப்பனிடம் அடி வாங்கியவன், பள்ளிக்கூடத்திலிருந்து விரட்டப்பட்டவன், 'எங்களால் முடியாது சார்' என்று வீட்டாரே கொண்டுவந்து விட்டவன் எனப் பலரைப் பார்த்தாயிற்று. பகலில் அவர்களைப் போலச் சாது கிடையாது. வினையெல்லாம் விளக்கணைத்த பிறகுதான். பதிமூன்று வயதில் ஒருவனுக்குத் தூக்கத்தில் பாய் நனைந்துவிடும். விடியுமுன்பே அவனை மட்டும் தொட்டு எழுப்பி, போர்வையைக் கிணற்றடியில் அலசி, அடுக்களைக்குப் பின்னால் இருக்கும் கொடியில் போட்டுவிடுவேன். மணியடித்து மற்றவர்கள் எழும்போது ஒன்றும் தெரியாது. தெரிந்தால் அன்றைக்கே பட்டப்பெயர், மறுநாள் ஒரு மண்டை உடையும். இதை வாட்ச்மேன் செய்வாரா? அவர் கேட்டில் இருப்பார். அவருக்குக் கொடுத்த வேலை அதுதான், அவரைக் குறை சொல்லவில்லை.

ஓடிப்போகிறவனும் பகலில் ஓடமாட்டான். எங்கள் பையன்களைப் பெரும்பாலும் மீட்டுத் தந்தவர்கள், இருட்டில் தலையில் லைட் கட்டிக்கொண்டு பால்வெட்டுக்குப் போகும் ரப்பர் தோட்டத் தொழிலாளர்கள். 'ஒங்க பய ஒருத்தன் ஷெட்டுல இருக்கான் சார்' என்று ஆளனுப்புவார்கள். அவர்களுக்கும் எந்தப் பேப்பரிலும் படம் வந்ததில்லை.

அமெரிக்க மாடல் என்று கட்டுரை பெருமைப்படுகிறது. சரி, அந்த மாடலையே எடுத்துக்கொள்வோம். டெக்சாஸில் இதேபோன்ற பையன்களுக்காகக் காம்ப்பெல் லாஃப்மில்லர் என்பவர் நடத்திய முகாமில் பத்துப் பையன்களுக்கு இரண்டு பெரியவர்கள் கூடவே தங்கினார்கள். பையன்களோடு மரம் வெட்டிக் கூடாரம் கட்டுவதும் அவர்கள்தான், சண்டை வந்தால் எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்துப் பேசித் தீர்ப்பதும் அவர்கள்தான். பொழுது சாய்ந்ததும் நாகர்கோவிலுக்குக் காரில் இறங்கிப் போகிற ஆலோசகரை வைத்துக்கொண்டு அமெரிக்கா என்று சொன்னால் எப்படி?

நம் ஊர்ச் சட்டத்தையாவது பார்த்திருக்கலாம். உங்களுக்குத் தெரியாததல்ல, இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் 2016இல் வந்த முன்மாதிரி விதிகள், நூறு பிள்ளைகள் உள்ள இல்லத்துக்கு ஆலோசகர் இரண்டு பேர், காப்பாளர் நான்கு பேர் என்கின்றன. ஏன் இரட்டிப்பு என்று நிருபர் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். அதே சட்டத்தின் 82ஆம் பிரிவுப்படி, இல்லத்தில் பிள்ளையை அடித்தால் முதல் தடவை 10,000 ரூபாய் அபராதம், மறுபடி அடித்தால் மூன்று மாதம் வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ. தூக்கம் கெட்ட ஒற்றை ஆளிடம் இத்தனை பையன்களையும் கம்பையும் கொடுத்துவிட்டு, அவர் அடிக்கக் கூடாது என்று எதிர்பார்ப்பது அவருக்கும் அநியாயம்.

எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். 2017இல் ஒக்கிப் புயல் வந்தபோது எங்கள் இல்லத்தின் ஓடு பறந்தது. கரண்ட் நாள்கணக்கில் இல்லை. ஆலோசகர் வர வழியில்லை, செயலாளர் போனை எடுக்கவில்லை. சமையல்கார அக்காவும் நானும் பையன்களைச் சாப்பாட்டு ஹாலில் ஒரே மூலையில் ஒண்ட வைத்து, ஈர விறகை ஊதி ஊதி மரச்சீனிக்கிழங்கு அவித்துக் கொடுத்தோம். மழை ஓய்ந்த பிறகு ரொட்டி பாக்கெட்டோடு வந்தவர்களின் படம் உங்கள் நாளிதழில் வந்தது. அந்த அக்கா படத்தின் ஓரத்தில் பாதி முகமாக இருந்தார். அதுபற்றி நான் எழுதிய கடிதம் இடமின்மையால் வரவில்லை போலும். இடமின்மை எங்களுக்குப் பழக்கம்தான். அக்கா வேலையை விட்டபோது ஒரு சால்வைகூடப் போர்த்தவில்லை. பி.எஃப். பிடித்ததாகச் சொன்ன பணம் எங்கே என்று நான் கேட்டதற்கு, 'சேவை மனப்பான்மை வேண்டும்' என்று பதில் வந்தது. செயலாளருக்கு அந்த மனப்பான்மை ஏராளம், அவர் வீடு மூன்று மாடி.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த முகாமில் இரவில் பையன்களோடு ஒரே அறையில் படுப்பவர் யார் என்று இயக்குநரிடம் கேட்டு இரண்டு வரி போடுங்கள். மூன்றாவது படத்தில் கஞ்சிப்பானையோடு நிற்கும் பெண்மணியின் பெயரையும் கேட்டுப் போடுங்கள். என் பெயரைப் போட வேண்டாம், பி.எஃப். விவகாரம் இன்னும் முடியவில்லை.

அப்புறம், எங்கள் பக்கம் ஞாயிறு இணைப்பு திங்கட்கிழமைதான் வந்து சேர்கிறது. அதையும் கொஞ்சம் கவனியுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் காப்பாளர், குலசேகரம்