முனகும் இயந்திரங்களை வடிவமைப்போருக்கு ஒரு திறந்த மடல்

முதியோருக்கும் குழந்தைகளுக்கும் துணை ரோபோக்களை வடிவமைக்கும் பொறியாளர்களுக்கு,

வணக்கம்.

நினைவு மங்கத் தொடங்கிய என் தாயின் அறையில் ஓராண்டாக ஒரு பொம்மை ரோபோ இருக்கிறது. பேட்டரி தீரும் நேரத்தில் அது இமைகளைப் பாதி மூடிக்கொண்டு மெல்ல முனகும். அதைக் கேட்டதும் அம்மா தம் போர்வையை எடுத்து அதற்குப் போர்த்திவிட்டு, ஒலி அடங்கும்வரை அதன் முதுகைத் தடவிக்கொண்டு விழித்திருக்கிறார். சார்ஜரில் இணைக்க வேண்டும் என்பது அவருக்குத் தோன்றுவதில்லை. "பிள்ளைக்கு உடம்பு சரியில்லை" என்றுதான் சொல்கிறார். அந்த முனகலைப் பற்றியே இம்மடல்.

இதை முதுமையின் தடுமாற்றம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஜெர்மனியின் டூயிஸ்பர்க்-எஸ்ஸன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் அறிவித்த ஆய்வொன்றில், ஒரு மனிதரும் ஒரு டைனோசர் ரோபோவும் ஓர் உயிரற்ற பொருளும் அன்பாகவும் முரட்டுத்தனமாகவும் நடத்தப்படும் காட்சிகளை 14 பேருக்குக் காட்டி, அவர்களுடைய மூளையின் செயல்பாட்டை எஃப்.எம்.ஆர்.ஐ. என்னும் மூளைப் படப்பிடிப்பு முறையின் மூலம் பதிவு செய்தார்கள். அன்பான காட்சிகளில் மனிதருக்கும் ரோபோவுக்கும் மூளையின் உணர்ச்சிப் பகுதிகள் ஏறத்தாழ ஒன்றுபோலவே இயங்கின. துன்புறுத்தும் காட்சிகளில் மட்டும் மனிதருக்காகக் கூடுதலாகப் பதறின.

ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுட்பமானது. கத்தியால் விரல் வெட்டுப்படப் போகும் படத்தைப் பார்த்தபோது, அந்தக் கை மனிதருடையதாயினும் ரோபோவுடையதாயினும், பார்த்தவர்களின் மூளை மின்னலைகளில் ஒத்த பரிவு வெளிப்பட்டது. ஆனால், பார்ப்பவர் தம்மை அந்த இடத்தில் வைத்து எண்ணிப் பார்க்கும் மேல்நிலைச் செயல்பாட்டின் தொடக்கம் ரோபோவுக்கு வலுக்குறைந்திருந்தது. இதிலிருந்து நான் புரிந்துகொள்வது இதுதான்: துடிக்கும் மனம் எல்லோருக்கும் உண்டு, அந்தத் துடிப்பை அளந்து பார்க்கும் அறிவு அதற்குத் துணை நிற்கிறது. அந்தத் துணை தளர்ந்துவிட்ட முதியவரிடத்திலும், இன்னும் முதிராத குழந்தையிடத்திலும் கொண்டுபோய்த்தான் உங்கள் இயந்திரத்தை முனக வைக்கிறீர்கள்.

அறிவு நிறைந்தவர்களும் இதில் தப்புவதில்லை. 2018இல் வெளியான மற்றொரு ஆய்வில், தன் இயக்கத்தை நிறுத்திவிட வேண்டாம் என்று நாவோ என்னும் சிறிய மனித உருவ ரோபோ கெஞ்சியதைக் கேட்ட 43 பேரில் 13 பேர் அதை நிறுத்தவே இல்லை.

ரோபோவே வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு அம்மா பேசும் பொழுதுகளில் அவர் முகம் தெளிவதை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். அந்த ஆறுதல் உண்மையானது, அதற்காக உங்களுக்கு நன்றியுடையவள். கட்டியணைத்தால் மகிழட்டும், பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்கட்டும். ஆனால், பேட்டரி தீர்வது நோயன்று, இயக்கம் நிறுத்தப்படுவது மரணமன்று. ஒரு சிறு விளக்கு மினுக்கிச் சொல்லிவிடக்கூடிய செய்தியை வலியின் குரலில் சொல்வது, ஒருவரின் பரிவை அவர் அறியாமல் எடுத்துச் செலவழிப்பதாகும். பிரிட்டனில் 2010இல் வகுக்கப்பட்ட ரோபோவியல் கோட்பாடுகள், எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களை ஏய்க்கும்படி ரோபோக்களை வடிவமைக்கக் கூடாது என்று அன்றே வலியுறுத்தியிருக்கின்றன.

அம்மாவின் ரோபோவில் ஒலியைக் குறைக்க வழியுண்டு. ஆனால் குறைத்தால் அது பாடும் தாலாட்டும் சேர்ந்து அடங்கிவிடுகிறது. முனகலை மட்டும் தனியாக நிறுத்தும் வசதியை அடுத்த மென்பொருள் மேம்படுத்தலிலேயே தாருங்கள். இனி உருவாக்கும் ரோபோக்களில் அந்த முனகலைச் சேர்க்கவே வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு மகள்