பூட்டானின் முதல் தேசியப் பேரவைத் தேர்தலுக்குக் கைகொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

2008 மார்ச் 24 அன்று பூட்டான் மக்கள் முதன்முறையாகத் தேசியப் பேரவைக்கு, அதாவது நாடாளுமன்றத்தின் கீழவைக்கு, வாக்களித்தார்கள். 47 தொகுதிகள், இரண்டே கட்சிகள், 80 விழுக்காட்டை ஒட்டிய வாக்குப்பதிவு. அண்டை நாடான இந்தியா தந்த மின்னணு வாக்கு இயந்திரங்களில்தான் அது நடந்தது. அந்த வகை இயந்திரத்தை இங்கே இந்தியாவில் வாக்குச்சாவடிப் பணியாளர்களுக்குச் சொல்லித்தருகிறவர்கள் நாங்கள். பிந்தித்தான் எழுதுகிறோம், பொறுத்தருள்க.

எங்கள் முதல் நன்றி தாஷோ குன்சாங் வாங்டி தலைமையிலான பூட்டான் தேர்தல் ஆணையத்துக்கு; இயந்திரத்தை வாங்கியதற்காக அல்ல, ஒத்திகை பார்த்ததற்காக. 2007 ஏப்ரல் 21, மே 28 என இரண்டு சுற்று மாதிரித் தேர்தலை நாடு முழுக்க நடத்தினார்கள். மஞ்சள், சிவப்பு, நீலம், பச்சை என நிறங்களின் பெயரில் நான்கு கற்பனைக் கட்சிகள். இரண்டாம் சுற்றில் 46 தொகுதிகள் மஞ்சளுக்கே போயின. மஞ்சள் அரசரின் நிறம் என்பதைச் சொன்னால் போதும்!

இந்த ஒத்திகை ஏன் பெரிது என்பது வாக்குச்சாவடியில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். அன்றைய இயந்திரம் எளிமையானது: அலுவலரின் மேசையில் வாக்குகளைப் பதிந்துவைக்கும் கன்ட்ரோல் யூனிட், மறைப்புக்குள் வாக்காளர் பட்டன் அழுத்தும் பேலட் யூனிட், நடுவே 5 மீட்டர் கேபிள். அக்கால மாடலுக்கு 6 வோல்ட் பேட்டரி போதும். மின்கம்பம் எட்டாத மலையூருக்கு அதுவே வரம். தப்பு நடப்பது கைகளில்தான். கன்ட்ரோல் யூனிட்டை அணைக்காமல் கேபிளைப் பிடித்து இழுத்தால் முள் வளையும். கேபிள் சரியாகப் பொருந்தாவிட்டாலோ, பேலட் யூனிட் ஒன்றே இருக்கையில் அதன் ஸ்லைடு சுவிட்ச் 1-இல் இல்லாவிட்டாலோ திரையில் 'எல்இ' (LE, இணைப்புப் பிழை) வரும். வேட்பாளர் பட்டன் சிக்கிக்கொண்டால் 'பிஇ' (PE, அழுத்தப் பிழை). இவை கண்ணில் படுகிற பிழைகள், திருத்திவிடலாம். கண்ணில் படாதது ஒன்று உண்டு: வாக்குப்பதிவுக்கு முன் காலையில் சோதனைக்குப் போட்ட மாதிரி வாக்குகளை அழிக்க மறப்பது. மாலையில் மொத்தம் பதிவேட்டோடு ஒத்துப்போகாது, முத்திரை வைத்தவர் விழிப்பார். அவற்றை அழிக்க, முதலில் க்ளோஸ் பட்டன், பிறகு ரிசல்ட், அதன்பின் க்ளியர். எண்ணிக்கை பூஜ்ஜியம் என்று வேட்பாளர்களின் முகவர்களுக்குக் காட்டிய பிறகுதான் பச்சைத் தாள் முத்திரை. இந்த வரிசை படித்து வராது, கைப்பழக்கமாகத்தான் வரும்.

அடுத்து, இந்தியத் தேர்தல் ஆணையத்துக்கும் அயலுறவு அலுவலர்களுக்கும். வெளியுறவில் இந்தியாவின் அறிவுரைப்படி பூட்டான் நடக்கும் என்ற 1949 உடன்படிக்கையின் வாசகம், 2007 பிப்ரவரி 8-இல் கையெழுத்தான புதிய உடன்படிக்கையில் இல்லை. அடுத்த ஆண்டே தேர்தல். பெரிய அண்டை வீட்டார் கருவியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பது, கொடுப்பதைவிடக் கடினம். மூன்று கொக்குச் சின்னக் கட்சி 45 இடங்களிலும் வெள்ளைக் குதிரைச் சின்னக் கட்சி இரண்டிலும் வென்றதை அறிவித்தவர்கள் பூட்டான் அலுவலர்களே.

கடைசியாக, பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் இந்த இயந்திரத்தை உருவாக்கிய பொறியாளர்களுக்கு. அவர்களில் முக்கியமானவர் எஸ். ரங்கராஜன், தமிழ் வாசகர்களுக்கு சுஜாதா. 2008 பிப்ரவரி 27 அன்று மறைந்தார். பூட்டானின் தேசியப் பேரவைத் தேர்தலில், வாக்குப் பதிவானதைச் சொல்லும் பீப் ஒலி கேட்டது அதற்கு 26 நாள் கழித்து.

நன்றியுடன்,
வாக்குச்சாவடிப் பயிற்றுநர்கள்