உன் பக்கங்களை அனுப்பு, மச்சான்

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. அம்மாவின் கண் ஒப்பரேசன் நல்லபடியாக முடிந்தது கேட்டு வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. வெள்ளவத்தையில் மழை விட்டபாடில்லை, மற்றபடி நாங்கள் சுகம்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். "வருகிற எதையும் தள்ளாமல் சேர்த்துக் கட்டினால் அது சஞ்சிகையா, குப்பைக்கூடையா?" என்று கேட்டிருந்தாய். இத்தனை வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சித்திரம் படிப்பிக்கிறவன் நீ, அப்படிக் கேட்பது நியாயம்தான். ஆனால் தாங்களே செய்த படங்களையும் பக்கங்களையும் தபாலில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிற இந்தத் தபால் கலைக்காரரிடமும் தெரிவு இருக்கிறது மச்சான், அதை ஆசிரியரின் மேசையிலிருந்து எடுத்து, செய்கிறவனின் கையிலேயே கொடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

1970இல் ரிச்சர்ட் கொஸ்தலனெட்ஸும் ஹென்றி கோர்னும் நியூயோர்க்கில் 'அசெம்ப்ளிங்' என்ற சஞ்சிகையைத் தொடங்கினார்கள். அவர்கள் கேட்டது, உன் பக்கத்தை நீயே அச்சடித்து 1,000 பிரதி அனுப்பு என்பதுதான். வந்தவற்றை அனுப்பியவர்களின் பெயர் அகரவரிசையில் அடுக்கிக் கட்டினார்கள், யார் முன்னுக்கு யார் பின்னுக்கு என்பதைக்கூடத் தாங்கள் தீர்மானிக்கவில்லை. யோசித்துப் பார், ஒரு பக்கத்தை ஆயிரம் தரம் செய்யவேண்டும் என்றால், கடதாசிக்கும் மைக்கும் உன் காசு போகவேண்டும் என்றால், இது அதற்குத் தகுமா என்று நீயே முதலில் உன்னைக் கேட்பாய். எந்த ஆசிரியரும் அவ்வளவு கறாராகக் கேட்கமாட்டார். அப்படியும் மோசமான பக்கங்கள் வரத்தான் செய்யும், அதை நான் மறுக்கவில்லை. அவற்றோடு இருக்கப் பழகிக்கொள்ளலாம் என்றுதான் சொல்கிறேன்.

போன மாதம் எனக்கு இத்தாலியிலிருந்து அப்படி ஒரு பொதி வந்தது. ஒரு பக்கத்தில் சிவப்பு நூலால் தைத்த வீதிப்படம், இன்னொன்றில் தானே செதுக்கிய றப்பர் முத்திரையால் குத்திய மீன் கூட்டம், ஒருவர் பழைய தட்டெழுத்துப் பொறியில் எழுத்துகளை மட்டும் அடித்தே கடல் அலை வரைந்திருந்தார். அந்த அலையைப் பார்த்ததும் கிழக்கு ஜெர்மனியின் ரூத் வொல்ஃப் ரேஃபெல்ட் நினைவுக்கு வந்தார். அவரும் தட்டெழுத்தால் படம் செய்து தபாலில் உலகமெல்லாம் அனுப்பியவர், தான் போகமுடியாத நாடுகளுக்கெல்லாம் அவருடைய அட்டைகள் போய்வந்தன. மகள் அந்தப் பொதியை நிலத்தில் பரப்பிவைத்துக்கொண்டு இரவு சாப்பிடவும் வரவில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. இதை வெறும் பொழுதுபோக்கு என்று நினைக்காதே. உருகுவேயில் கிளெமென்தே பதின் என்ற கவிஞரையும் ஹோர்ஹே கரபாயோ என்ற ஓவியரையும் 1977இல் இராணுவ ஆட்சி பிடித்து அடைத்தது, படைகளை இழிவுபடுத்தினார்கள் என்று குற்றச்சாட்டு. அவர்களை விடச்சொல்லி நாடுநாடாக இருந்த தபால் கலைக்காரர்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திராதவர்கள். சிலியின் கியேர்மோ தைஸ்லர் 1973 இராணுவப் புரட்சிக்குப் பிறகு நாட்டைவிட்டுப் போகவேண்டி வந்தது, பிறகு ஜெர்மனியில் இருந்துகொண்டு எல்லாத் திசையிலிருந்தும் பக்கங்களை வரவழைத்துச் சஞ்சிகை செய்தார். போரால் வடக்குக்குப் போகிற ஏ9 பாதை பூட்டிக்கிடந்த காலத்தில் யாழ்ப்பாணத்து மாமியின் கடிதத்துக்கு நாங்கள் எப்படிக் காத்திருந்தோம் என்று உனக்குத் தெரியும், ஒரு உறை வந்து சேர்வதன் பெறுமதியை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதனால்தான் நாங்களும் ஒன்று செய்யவேண்டும் என்று எனக்கு ஆசை. போலந்தில் பவெல் பெதாஷ் 1977இல் தொடங்கிய 'கொமன்பிரஸ்' முறை எனக்குப் பிடித்திருக்கிறது, ஒவ்வொரு இதழையும் வேறொருவர் வேறொரு இடத்திலிருந்து பொறுப்பெடுப்பார். முதல் இதழ் கொழும்பிலிருந்து நான், அடுத்தது மட்டக்களப்பிலிருந்து நீ, பிறகு யாழ்ப்பாணம், ஹட்டன், ரொறன்ரோ என்று போகட்டும். சிங்கள நண்பர்களும் சேர்வதாகச் சொல்லியிருக்கிறார்கள், படத்தோடு யார் எந்த மொழியில் எழுதினாலும் அப்படியே போகும். காசு வாங்குவதில்லை, பக்கம் அனுப்பிய எல்லோருக்கும் ஒரு பிரதி.

30 பேர், ஆளுக்கு 30 பிரதி, ஏ5 அளவு. கணக்குப் பார்த்துவிட்டேன், சாதாரண 80 கிராம் கடதாசியில் ஏ4 ஒன்று 5 கிராம், ஏ5 இரண்டரை, ஆக முப்பது பக்கமும் சேர்ந்து 75 கிராம், உறையோடு 100க்குள் நிற்கும். மட்டையில் ஒட்டி அனுப்பினால் தபால் செலவு ஏறிவிடும், உன் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிவிடு. புதுக் கடதாசிதான் வேண்டும் என்றும் இல்லை. 2022இல் கடதாசித் தட்டுப்பாட்டால் இங்கே மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளையே ஒத்திவைத்தார்களே, அப்போதிருந்து நான் சேர்த்த கலண்டர் பின்பக்கங்கள் ஒரு பெட்டி நிறையக் கிடக்கின்றன. கூட வேண்டுமென்றால் மலிபன் வீதியில் வாங்கி அனுப்புகிறேன்.

தைக்காமல் உதிரித் தாள்களாகவே ஒரு உறையில் போடலாம் என்று நினைக்கிறேன், தைஸ்லரும் அப்படித்தான் செய்தார், விரும்பியவர் விரும்பிய ஒழுங்கில் பார்க்கலாம். நீ தைக்கத்தான் வேண்டும் என்றால் உன் இதழில் தைத்துக்கொள்.

தைப்பொங்கலுக்கு முன் உன் பக்கங்கள் என் கையில் இருக்கவேண்டும். வாவியை வரையப்போகிறாயா, அல்லது வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து செய்கிறாயா என்று மட்டும் முன்கூட்டி எழுது, இரண்டுமென்றால் இரண்டு இடம் வைக்கிறேன். அம்மா இன்னும் கொஞ்ச நாளைக்குக் குனிந்து வேலைசெய்யாமல் பார்த்துக்கொள்.

அன்புடன்,
உன் மச்சான்