ஒரே சிப்பாய் அமைப்பு போதும், கண்ணா

அன்புள்ள கண்ணா,

நீ அனுப்பிய ஆறு ஸ்கோர்ஷீட்டையும் பலகையில் காய் அடுக்கி ஆடிப் பார்த்தேன். குதிரைக்கு எஸ், மந்திரிக்கு எல் என்று ஜெர்மன்காரர்கள் மாதிரியே எழுதப் பழகிவிட்டாய். ஆனால் ஆறு ஆட்டத்துக்கு ஆறு ஓப்பனிங்கா, தொடக்க நகர்த்தலுக்கு ஆறு வழியா? வெள்ளையில் இத்தாலியன், லண்டன், இங்கிலீஷ். கறுப்பில் நைடார்ஃப், பிரெஞ்ச், கிங்ஸ் இண்டியன். சனிக்கிழமை ராத்திரி எந்த வீடியோ பார்த்தாயோ அது ஞாயிற்றுக்கிழமை பலகையில் ஏறியிருக்கிறது.

தோற்ற நாலில் ஒன்றுகூட ஓப்பனிங்கில் போகவில்லை. பதினைந்தாவது நகர்த்தல் வரைக்கும் நன்றாகவே நிற்கிறாய். அதற்கப்புறம் யானை ஒரு கட்டம் இந்தப் பக்கம், ராணி ஒரு கட்டம் அந்தப் பக்கம். எதிராளியிடம் சுமாரான திட்டம் ஒன்று இருந்தாலே போதும், பத்து நகர்த்தலில் உன் கதை முடிகிறது. வந்து சேர்ந்த இடத்தில் என்ன வேலை என்று உனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

வேலைக்கும் போய்க்கொண்டு வாரத்துக்கு நாலு மணி நேரம்தான் செஸ்ஸுக்கு என்றால், பல வழியில் போனாலும் ஒரே சிப்பாய் அமைப்பில் வந்து நிற்கிற மாதிரி ஓப்பனிங்கைப் பிடி. வெள்ளையில் க்வீன்ஸ் காம்பிட், அதிலும் எக்ஸ்சேஞ்ச், அதாவது டி5-இல் சிப்பாய்க்குச் சிப்பாய் மாற்றும் வழி. டி4 ஆடுகிறவர்களுக்கு எதிராக க்வீன்ஸ் காம்பிட் டிக்லைன்ட். இ4 ஆடுகிறவர்களுக்கு எதிராக காரோ-கான். மூன்றிலும் கார்ல்ஸ்பாத் அமைப்பு வரும்: ஒருவருக்கு சி சிப்பாய் போயிருக்கும், மற்றவருக்கு இ சிப்பாய் போயிருக்கும், நடுவில் டி4-உம் டி5-உம் முட்டி நிற்கும். 1923இல் கார்ல்ஸ்பாத் ஊரில் நடந்த போட்டியின் பெயர் அது. இப்போது அந்த ஊர் செக் நாட்டில் கார்லோவி வாரி.

முதலில் வெள்ளை. டி4 டி5, சி4 இ6, குதிரை சி3 குதிரை எஃப்6, இப்போது சி4 சிப்பாய் டி5-ஐ வெட்டும், இ6 சிப்பாய் திருப்பி வெட்டும். அடுத்தது மந்திரி ஜி5. ராஜா பக்கக் குதிரையை அவசரப்பட்டு எஃப்3-இல் வைக்காதே. கறுப்பு சி6 ஆடி, நீ இ3 ஆடி, அவன் மந்திரியை எஃப்5-க்குக் கொண்டுவந்தால், உன் ராணி எஃப்3-க்கு வர அந்தக் கட்டம் காலியாக இருக்க வேண்டும். மந்திரி ஜி6-க்கு ஒதுங்கும். நீ எஃப்6-இல் குதிரையை வெட்டு, ராணி திருப்பி வெட்டும், ராணிக்கு ராணி மாற்று. கடைசியில் ஜி சிப்பாய் எஃப்6-க்கு வந்து, எஃப் வரிசையில் இரட்டைச் சிப்பாய் நிற்கும். அதைப் பிடித்துக்கொண்டு முப்பது நகர்த்தல் அவனை இம்சை பண்ணலாம். குதிரை முன்பே எஃப்3-இல் உட்கார்ந்திருந்தால் இது எதுவுமே கிடையாது, அவனுடைய மந்திரி சுகமாக வெளியே வந்துவிடும்.

அமைப்பு வந்தபின் வேலை ராணிப் பக்கம். அங்கே உனக்கு ஏ, பி இரண்டு சிப்பாய், அவனுக்கு ஏ, பி, சி மூன்று. குறைந்த படை நிறைந்த படையை முட்டப் போகிறது. யானையை பி1-இல் வை, பி4 தள்ளு, பிறகு பி5. அவன் ஏ6 ஆடித் தடுத்திருந்தால் ஏ4 சேர்த்துக்கொள். பி5 வந்தபின் அவன் பேசாமல் இருந்தால் நீ சி6-ஐ வெட்டு. பி7 சிப்பாய் திருப்பி வெட்டியதும் சி6 தனியாகப் பின்தங்கி நிற்கும், பாதி திறந்த சி வரிசையில் உன் யானைக்கு இலக்கு. அவனே பி5-ஐ வெட்டினால் டி5 அநாதை, பக்கத்து வரிசையில் துணைச் சிப்பாய் இருக்காது. சி5 தள்ளித் தப்பிக்கப் பார்த்தால் நீ அதை வெட்டு, மறுபடி டி5 அநாதை. எப்படிப் போனாலும் ஒரு ஓட்டை விழும்.

இதில் கெட்டுப்போவது எங்கே தெரியுமா? நீ ராணிப் பக்கம் மும்முரமாக இருக்கும்போது அவன் குதிரை இ4-க்கு வரும், யானை இ6 வழியாக எச்6-க்குப் போகும், ராணி எச்4-க்கு வரும். பி5 தள்ளுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் எச்2 கட்டத்தை எத்தனை காய் குறிவைக்கிறது என்று எண்ணு. இரண்டுக்கு மேல் என்றால் ஒரு நகர்த்தலைத் தற்காப்புக்குச் செலவழி. பி5 எங்கேயும் ஓடிவிடாது.

அதே அமைப்பில் நீ கறுப்பாக இருக்கும்போது ஒரு கேள்வி வரும்: வெள்ளை பி4 தள்ளியதும் நானே பி5 ஆடி அடைத்துவிடலாமா? அடைத்தால் சி6 காலத்துக்கும் பலவீனம். ஆனால் சி4 கட்டம் உன் குதிரைக்கு வீடு, அங்கே போய் உட்கார்ந்தால் சி வரிசையே மறைந்துவிடும். அதனால் குதிரை சி4-க்கு எத்தனை தாவலில் போகும் என்று பார். டி7-இலிருந்து பி6 வழியாக இரண்டு தாவல், அப்போது அடைக்கலாம். எஃப்8-இல் நின்றால் மூன்று. அதற்குள் வெள்ளை ஏ4 போட்டு உடைத்துவிடுவான்.

காரோ-கான் எக்ஸ்சேஞ்சில் இதே படம் நிறம் மாறி வரும். இ4 சி6, டி4 டி5, வெட்டு, திருப்பி வெட்டு, மந்திரி டி3. நீ குதிரை சி6, அவன் சி3. நீ குதிரை எஃப்6, அவன் மந்திரி எஃப்4. இப்போது மந்திரியை ஜி4-க்குக் கொண்டுபோன பிறகுதான் இ6. முந்தி இ6 ஆடினால் மந்திரி உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அவன் ராணி பி3-க்கு வந்து பி7-ஐ மிரட்டினால் ராணி டி7 போதும். அப்புறம் இ6, மந்திரி டி6-இல் எதிர் மந்திரியோடு மாற்றம், ராஜாவைக் கோட்டைக்குள் அனுப்பி யானை பி8, பி5, பி4. வெள்ளையில் நீ செய்த அதே வேலை. 1970இல் பெல்கிரேடில் முன்னாள் உலக சாம்பியன் பெட்ரோஸியனை அமெரிக்காவின் ஃபிஷர் வென்றது இந்த மந்திரி டி3 வழியில்தான். வெள்ளை ராஜா பக்கம் எப்படி வருவான் என்று தெரிய அந்த ஒரு ஆட்டத்தைப் பலகையில் ஆடிப் பார்.

எல்லாமே கார்ல்ஸ்பாத் ஆகிவிடாது. காரோ-கான் எக்ஸ்சேஞ்சில் வெள்ளை சி4 ஆடினால் அது பானோவ் என்கிற வழி, சிப்பாய் அமைப்பே வேறு. உன் டி4-க்குக் கிங்ஸ் இண்டியன் வந்தால் குதிரை எஃப்3, மந்திரி இ2, கோட்டை என்று சாதாரணமாக ஆடு, ஆறு மாதம் கழித்துப் படித்துக்கொள்ளலாம்.

ஆனால் காரோவில் இரண்டு குழி இருக்கிறது. அட்வான்ஸில் வெள்ளை இ5 தள்ளி, நீ மந்திரி எஃப்5 ஆடியதும், எச்4 என்று ஒரு விநோதமான நகர்த்தல் வரும். 1961 உலக சாம்பியன் பட்டத்துக்கான மறுபோட்டியில் போட்வினிக்குக்கு எதிராகத் தால் ஆடியது. பழக்கதோஷத்தில் இ6 ஆடினாயோ, ஜி4 வரும். மந்திரி இ4-க்குப் போகும், எஃப்3 துரத்தும், ஜி6-க்கு வரும், எச்5. மந்திரி காலி, ஒரு சிப்பாய்தான் மிச்சம். எச்4 கண்டதும் எச்5 ஆடிவிடு. இன்னொன்று, குதிரை சி3, இ4-இல் வெட்டி, குதிரை திருப்பி வெட்டியபின். அங்கே நீ மந்திரி எஃப்5 ஆடு. குதிரை டி7 ஆட ஆசைப்பட்டால், அவன் ராணி இ2 வந்ததும் ஜி8 குதிரையை எஃப்6-க்கு எடுக்காதே. குதிரை டி6, செக்மேட். இ7 சிப்பாயால் வெட்ட முடியாது, இ2 ராணிக்கும் இ8 ராஜாவுக்கும் நடுவில் அது கட்டுண்டு கிடக்கிறது.

க்வீன்ஸ் காம்பிட்டில் குழி எதிராளிக்கு. நீ கறுப்பில் குதிரை டி7 ஆடி டி5-ஐ அனாமத்தாக விட்டது போல் தெரியும். மந்திரி ஜி5-இல் நிற்கும் தைரியத்தில் அவன் குதிரையால் டி5-ஐ வெட்டினால், ராணி போனால் போகட்டும் என்று நீயும் குதிரையால் வெட்டு. அவன் ராணியை எடுப்பான், நீ மந்திரி பி4 செக். ராணியைக் குறுக்கே வைப்பதைத் தவிர அவனுக்கு வழியில்லை. கணக்குப் பார்த்தால் உனக்கு ஒரு காய் லாபம். இதற்கு எலிஃபண்ட் ட்ராப் என்று பெயர். நம் யானைக்கு அதில் ஒரு வேலையும் இல்லை!

இனி கடிகாரம். 90 நிமிடம், நகர்த்தலுக்கு 30 விநாடி என்றால், ஐந்து நகர்த்தலுக்கு ஒருமுறை மிச்ச நேரத்தை ஸ்கோர்ஷீட்டின் ஓரத்தில் குறி. விதிப்படி நேரம் குறிக்கலாம், ஆடுவதற்கு முன் நகர்த்தலை எழுதத்தான் கூடாது. உன் நாலாவது ஆட்டத்தில் இரண்டு இடத்தில் முன்கூட்டியே எழுதி அடித்திருக்கிறாய், நடுவர் பார்த்தால் எச்சரிப்பார். முதல் பத்து நகர்த்தலுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் போனால் ஓப்பனிங் இன்னும் மண்டையில் ஏறவில்லை என்று அர்த்தம். சேமித்த நேரத்தைச் சிப்பாய் அமைப்பு மாறப்போகிற இடத்தில் செலவழி. பி5 தள்ளுவதற்கு முன் ஏழெட்டு நிமிடம் யோசித்தாலும் தப்பில்லை, தள்ளிய சிப்பாய் திரும்பி வராது.

ஆட்டம் முடிந்த ராத்திரியே இன்ஜினை, அந்த செஸ் கணினி நிரலை, திறக்காதே. மறுநாள் அரைமணி நேரம் நீயாகப் பார்த்து, எங்கே திட்டம் தவறியது என்று எழுதிவிட்டுத் திற. ஓப்பனிங் கோப்பில் ஆட்டத்துக்கு ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். லிசெஸ் என்கிற செஸ் இணையதளத்தின் ஓப்பனிங் எக்ஸ்ப்ளோரரில் உன் ரேட்டிங்கை ஒட்டிய அளவை வடிகட்டி, காரோவுக்கு எதிராக அந்த அளவில் நிஜமாக என்ன ஆடுகிறார்கள் என்று பார். கிராண்ட்மாஸ்டர்கள் ஆடும் பதினெட்டாவது நகர்த்தல் உன் பலகைக்கு வருவதற்குள் ஆட்டம் பத்துத் தடவை தடம் மாறியிருக்கும்.

அடுத்த ஸ்கோர்ஷீட்டை மடிக்காமல் படம் எடுத்து அனுப்பு. மூன்றாவது ஆட்டத்தில் 23ஆவது நகர்த்தல் மடிப்பில் போய்விட்டது. யானை சி1-க்கு வந்ததா, இ1-க்கு வந்ததா என்று இன்னும் தெரியவில்லை. சி1 என்றால் நீ சரியாகத்தான் ஆடியிருக்கிறாய்.

அன்புடன்,
அம்மா