தொட்டியருகே வாருங்கள்: தொழிற்பேட்டைகளைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் துறைக்கும், தொழிற்பேட்டைகளை நடத்தும் சிட்கோ நிர்வாகத்துக்கும், மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் வணக்கம்.

அம்பத்தூரில் ஜாப் ஒர்க் எடுத்து, அதாவது பிற கம்பெனிகளின் பொருட்களை வாங்கி முலாம் பூசிக் கொடுக்கும் சிறு பட்டறை நடத்துகிறேன். நிக்கல், துத்தநாகம் இரண்டும் செய்கிறோம். எங்கள் தொழில் மாசு அதிகமுள்ள தொழில்களுக்கான வாரியத்தின் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது, இருக்க வேண்டியதுதான். அமிலமும் கன உலோகமும் புழங்கும் இடத்தில் கண்காணிப்பு குறையக் கூடாது. ஆனால் அந்தக் கண்காணிப்பு முழுக்கக் கழிவுநீர்க் குழாயின் கடைசியில் நிற்கிறது. அழுக்கு உண்டாவதோ அதற்கு வெகு முன்னால், தொட்டியருகே. அங்கே வந்து எங்களுக்குச் சொல்லித் தர ஓர் ஆள் வேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வேலையில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். நிக்கல் தொட்டியிலிருந்து ராக்கை, அதாவது பொருட்களை மாட்டும் சட்டத்தை, தூக்கும்போது பொருளோடு ஒட்டிக்கொண்டு கரைசலும் கொஞ்சம் வெளியே வரும். அவசரத்தில் அப்படியே அடுத்த தொட்டியில் முக்கினால் அவ்வளவும் கழுவும் தண்ணீரில் போய்விடும். பிறகு அந்தத் தண்ணீரில் சுண்ணாம்போ காஸ்டிக்கோ போட்டு, நிக்கலைப் படியவைத்து, கசடாகப் பிழிந்து, மூட்டை கட்டி, கும்மிடிப்பூண்டியில் இருக்கும் அபாயக் கழிவுக் கிடங்குக்கு அனுப்ப வேண்டும். காசு கொடுத்து வாங்கிய நிக்கலைக் காசு செலவழித்துக் கசடாக்கி, மறுபடியும் காசு கொடுத்துப் புதைக்கிறோம்.

தொட்டிக்கு மேலே ஒரு கம்பி கட்டி, ராக்கைப் பத்து நொடி தொங்கவிட்டாலே கரைசலில் நல்ல பங்கு சொட்டித் தொட்டிக்கே திரும்பிவிடும். அடுத்து, தண்ணீர் ஓடாமல் தேங்கி நிற்கும் தொட்டி ஒன்றை வைத்து அதில் முதலில் முக்கலாம். நிக்கல் தொட்டி 50, 60 டிகிரி சூட்டில் ஓடுவதால் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அந்தக் குறைவை இந்தத் தேங்கிய தண்ணீரை ஊற்றியே ஈடுகட்டலாம். நிக்கலும் திரும்பக் கிடைக்கும். இதற்கு உப்பு நீக்கிய தண்ணீர்தான் வேண்டும். போர் தண்ணீரை ஊற்றினால் அதிலுள்ள உப்புகள் நாளடைவில் பாத்தை, அதாவது தொட்டியிலுள்ள முலாம் கரைசலை, கெடுத்துவிடும். கையேட்டில் இதற்கு ஒரு வரிதான் இருக்கும். பட்டறையில் மொத்த முயற்சியும் கவிழ்வது இந்த இடத்தில்தான்.

கழுவுவதையும் பாருங்கள். கல்யாண வீட்டில் பாத்திரத்தை முதலில் ஒரு அண்டாவில் அலசி, பிறகு நல்ல தண்ணீர் அண்டாவில் முக்கி எடுப்பார்களே, அதே முறை. நல்ல தண்ணீர் கடைசித் தொட்டியில் விழுந்து முன்தொட்டிக்கு வழிய வேண்டும். பொருள் எதிர்த்திசையில் போக வேண்டும். ஒட்டிவரும் கரைசல் மணிக்கு 1 லிட்டர், அதை ஆயிரத்தில் ஒன்றாக நீர்க்கச் செய்ய வேண்டும் என்று வையுங்கள். ஒரே தொட்டி என்றால் மணிக்கு 1,000 லிட்டர் தண்ணீர் தேவை. இரண்டு தொட்டி என்றால் கணக்குப்படி 32 லிட்டர் அளவு போதும். லாரித் தண்ணீர் வாங்கும் பட்டறைக்கு இந்தக் கணக்கின் அருமை தெரியும்.

இவ்வளவு லாபம் இருந்தும் ஏன் எல்லோரும் செய்யவில்லை? எங்களில் பலருக்கு ஷெட் வாடகைக்கு. இன்னொரு தொட்டி வைக்க ஆறடி இடம் இருக்காது. முதலாளியே ஆர்டர் பிடிப்பார், ஜிஎஸ்டி போடுவார், ஆள் வராத நாளில் ராக்கும் மாட்டுவார். வேலை கொடுக்கும் கம்பெனி கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று விலையைக் கட்டிவிடும். அதில் பத்து நொடி காத்திருப்பதுகூட நஷ்டமாகத் தெரியும். ஒரு லட்சம், இரண்டு லட்சத்துக்குத் தொட்டியும் பம்பும் வாங்கக் கடன் கேட்டால், பெரிய கடனுக்குக் கேட்கிற அத்தனை காகிதமும் கேட்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலே பயம். அதிகாரியிடம் சந்தேகம் கேட்டால் நம்மை நாமே காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடுமோ என்ற பயம். அதனால் யாரும் வாயைத் திறப்பதில்லை.

உதவி கிடைத்தால் எங்கள் தொழில் மாறும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. துத்தநாகப் பூச்சு துருப்பிடிக்காமல் இருக்க அதன் மேலே கொடுக்கும் மஞ்சள் பாசிவேஷன் படலத்தில் ஆறு இணைதிறன் குரோமியம் இருந்தது. புற்றுநோய் உண்டாக்கும் பொருள். ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் மின்னணுப் பொருட்களிலும் 2007இல் வாகனங்களிலும் அதைத் தடுத்தது. கார் கம்பெனிகள் மாற்றச் சொன்னன. ரசாயனம் விற்பவர்களின் டெக்னீஷியன்கள் பட்டறைக்கே வந்து, தொட்டியருகே நின்று, பிஎச் பார்த்து, மூன்று இணைதிறன் குரோமியத்துக்கு மாறக் கற்றுக்கொடுத்தார்கள். அந்த மாற்றத்தில் விற்பவருக்கு வியாபாரம் இருந்தது, ஆள் வந்தார். தண்ணீரையும் நிக்கலையும் மிச்சப்படுத்தினால் விற்பவருக்கு நஷ்டம். அதைச் சொல்லித் தர அவர் வரமாட்டார். அந்த இடத்தை நிரப்ப அரசால்தான் முடியும்.

புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 1990களில் தேசிய உற்பத்தித்திறன் குழு ‘கழிவுக் குறைப்பு வட்டங்கள்’ நடத்தியது. ஒரே தொழில் செய்யும் சில சிறு நிறுவனங்கள் சேர்ந்து, ஒருவர் பட்டறையை மற்றவர் போய்ப் பார்த்து, எங்கே வீணாகிறது என்று கணக்குப் போட்டுத் திருத்திக்கொள்வார்கள். அதே தொழில் செய்பவரின் கண்ணுக்குத் தப்புவது எதுவும் இல்லை. அதை நம் பேட்டைகளில் மறுபடி தொடங்குங்கள்.

பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்டினால் போதும் என்று சொல்பவர்களுக்கு ராணிப்பேட்டையை நினைவூட்டுகிறேன். 2015 ஜனவரி 31 அதிகாலை, அங்கே சிட்கோ வளாகத்திலுள்ள தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் கசடு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் பட்டறையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். அது பல பட்டறைகளின் கசடு. ஒவ்வொரு பட்டறையிலும் கழிவு குறையாதவரை கசடு எங்காவது குவிந்துகொண்டேதான் இருக்கும்.

குறையில்லாமலும் சுற்றுச்சூழலைக் கெடுக்காமலும் உற்பத்தி செய்பவர்களுக்குச் சான்றிதழ் தரும் மத்திய அரசின் செட் (ZED) திட்டம் குறுந்தொழிலுக்குச் சான்றிதழ்க் கட்டணத்தில் 80 சதவீதம் மானியம் தருகிறது. நல்லதுதான். ஆனால் சான்றிதழ் வாங்குவதற்கு முன்னால் தொட்டி வாங்க வேண்டியிருக்கிறது.

ஆகவே எங்கள் வேண்டுகோள் இது. பேட்டைக்கு ஒரு தொழில்நுட்ப ஆலோசகரை நியமியுங்கள். அவருக்குத் தண்டிக்கும் அதிகாரம் வேண்டாம். பட்டறையில் அவர் பார்த்தது வழக்குக்குப் போகாது என்று எழுத்தில் கொடுங்கள். வாரியத்தின் சோதனை இப்போது போலவே தனியாக நடக்கட்டும். சங்க அலுவலகத்தில் சிறு ஆய்வகம் ஒன்று இருந்தால் பாத்தையும் கழுவும் தண்ணீரையும் வாரா வாரம் சோதித்துக்கொள்வோம். சிறு கடனைத் தாய்கோ எனும் தொழில் கூட்டுறவு வங்கி வழியாக ஒரு பக்க விண்ணப்பத்தில் கொடுங்கள். மிச்சமாகும் தண்ணீர்ச் செலவிலிருந்தே தவணை கட்டுவோம். காலி ஷெட்டுகள் இருக்கும் பேட்டைகளில், இடமில்லாத பட்டறைகளுக்குப் பொதுக் கழுவு வசதி அமைக்க முடியுமா என்று சிட்கோ பார்க்க வேண்டும்.

வேலை கொடுக்கும் பெரிய கம்பெனிகளையும் கூப்பிட்டுப் பேசுங்கள். அவர்களுடைய ஆண்டறிக்கையில் பசுமை என்று எழுதும் பக்கத்துக்கு எங்கள் தொட்டிகளும் உட்பட்டவை. கிலோ விலையில் அதற்கும் இடம் இருக்க வேண்டும்.

எல்லாப் பேட்டையிலும் ஒரே நேரத்தில் முடியாது, புரிகிறது. ஒரு பேட்டையில் பத்து பிளேட்டிங் பட்டறைகளோடு ஒரு வருடம் செய்து பாருங்கள். தண்ணீர் பில்லும், நிக்கல் வாங்கிய பில்லும், கசடு அனுப்பிய ரசீதும் முன்னும் பின்னுமாக எடுத்து வைத்துப் பாருங்கள். அந்தப் பத்தில் ஒன்றாக இருக்க எங்கள் பட்டறை தயார்.

இப்படிக்கு,
அம்பத்தூர் பிளேட்டிங் பட்டறைக்காரர் ஒருவர்